கேள்வி – பதில்: பக்கவாத ஆய்வும் பணமும்

கேள்வி: பிசியோதெரபியில் முனைவர் பட்டம் முடித்து, குழந்தைக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். பக்கவாதம் வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நினைவாற்றல் பயிற்சி கொடுத்து ஒரு கிளினிக்கல் ட்ரயல் நடத்த ஆசை. பணம் எங்கே கேட்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஃபெல்லோஷிப் பணம் வேறு, ட்ரயல் பணம் வேறு. முதலாவது உங்கள் சம்பளம். அதோடு வரும் சில்லறைச் செலவுத் தொகையில் நோயாளிகளை மாதக்கணக்கில் பின்தொடர முடியாது. இடைவெளி விட்ட பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் பொருந்தும். ட்ரயல் செலவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரிடம் தனியாக மனு போட வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸின் ஃபெல்லோஷிப்பில் சம்பளத்தோடு ஆய்வுச் செலவும் கிடைக்கும்; போட்டி கடுமை.

எதற்கு மனு போட்டாலும் பதிவு பெற்ற எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) உள்ள ஒரு நிறுவனமும் வழிகாட்டியும் முதலில் தேவை. இரண்டு வருட ஃபெல்லோஷிப்பில் ஆறு மாதம் அனுமதிகளிலேயே போய்விடும். ஆகவே பெரிய ட்ரயலுக்கு ஆசைப்படாமல், 40–50 பேரை வைத்து முன்னோட்ட ஆய்வாகக் கேளுங்கள். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ட்ரயல்களுக்கான தேசியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்துவிடுங்கள். பிறகு பதியலாம் என்ற சலுகை 2018 ஏப்ரலோடு போய்விட்டது.

கேள்வி: பக்கவாத ட்ரயலுக்கான மனுவில் ‘பழங்குடியினரும் சேர்க்கப்படுவர்’ என்று தெளிவாக எழுதியும் ‘போதாது’ என்று திருப்பிவிட்டார்கள். சேர்க்கை விதிகளை இணைத்துள்ளேன். என்ன தவறு?
– வாசகர், கூடலூர்

பதில்: தவறு அந்த விதிகளில்தான். வயது 45 முதல் 75, தமிழ் எழுதப் படிக்கத் தெரியணும், பேச்சு பாதித்திருக்கக் கூடாது, மாதம் ஒருமுறை ஊட்டிக்கு வரணும். இப்படிச் சலித்தால் எத்தனை பணியர் பழங்குடிப் பாட்டிகள் மிஞ்சுவார்கள்?

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்தநோய் உண்டு. அதனால் பக்கவாதம் இளவயதிலேயே வரலாம். 45 என்ற கீழ்வரம்பு அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அடுத்து, நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் மோகா தேர்வு. மொத்தம் 30 மதிப்பெண்; 26க்குக் கீழே போனால் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம். பள்ளிப் படிப்பு 12 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டலாம். ஆனால் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது, கனசதுரம் வரைவது இவற்றிலெல்லாம் பேனா பிடிக்காத கை நோய் இல்லாமலே தடுமாறும். எழுதப் படிக்காதவர்களுக்கு மோகா-பேசிக் என்று தனியாகவே இருக்கிறது. வீட்டில் படுகு மொழி பேசுபவரிடம் தமிழ்ச் சொற்பட்டியலை ஒப்பிக்கச் சொன்னால் நினைவையா அளக்கிறீர்கள், தமிழையா? இதே திறன்களைச் சோதிக்கும் ஐசிஎம்ஆர் கருவித்தொகுப்பு முதலில் வந்த ஐந்து மொழிகளில் மலையாளம் உண்டு, தமிழ் இல்லை. கூடலூரில் சிலருக்கு அந்த மலையாள வடிவம் கைகொடுக்கும். ஆனால் பணியர் பேச்சை மலையாளம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். எந்தத் தேர்வானாலும் அதே ஊரின் நோயற்றவர்களிடம் முதலில் நடத்தி, அங்கே இயல்பான மதிப்பெண் எவ்வளவு என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்போடு வேலை முடிந்துவிடாது. ஐசிஎம்ஆர் உதவியோடு நடந்த ஸ்பிரின்ட் இந்தியா ட்ரயலில் 31 மையங்கள், 4,298 நோயாளிகள். மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்க 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, கையேடு. இருந்தும் அது குறையவில்லை.

பேச்சு போனவர்களை விலக்காமல் படஅட்டை வைத்து ஒப்புதல் கேளுங்கள். புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால் சட்டப்படியான உறவினர் கையெழுத்து. நோயாளி தெளிந்ததும் அவரிடமே மறுபடி கேட்கணும். எழுத்தறியாதவருக்கு நடுநிலைச் சாட்சி.

பட்ஜெட்டில் பயணத்துக்கு ஒரு ஆள் கணக்குத்தான் போட்டிருக்கிறீர்கள். கை கால் விளங்காதவர் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் தனியாக வருவாரா? துணைக்கு வருபவரின் பஸ் கட்டணம், இருவரின் அன்றைய கூலி, வீட்டுக்கே போய்ப் பரிசோதிக்கும் களப்பணியாளர் சம்பளம் எல்லாம் தனித்தனி வரியாக வரணும். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

கேள்வி: என் ட்ரயலுக்கு 300 பேர் தேவை, 20 சதவீதம் பேர் விலகலாம். 360 என்று எழுதினேன். சரியா?
– வாசகி, குன்னூர்

பதில்: இல்லை. 360இல் 20 சதவீதம் போனால் மிச்சம் 288தான். 300ஐ 0.8ஆல் வகுத்து 375 என்று எழுதுங்கள். உங்கள் திட்டத்தில் உள்ள 90ஆம் நாள் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் 14 நாள் இடம் விடுவதும் அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிந்து பாதை அடைபட்டால், வரமுடியாதவரெல்லாம் விலகியவர் கணக்கில் போய்விடுவார்கள்.