ஊரடங்கிலும் அலுவலகம் வரச் சொன்னால்?

கேள்வி: என் கணக்கு வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும். ஊரடங்கிலும் மேலாளர் நேரில் வரச் சொல்கிறார். போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அனுமதியில்லாத விடுப்பு என்று பதிவாகிவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பழி உங்கள் மேல்தான் திரும்பும்.

முதலில் ஊரடங்கு அரசாணையை முழுதாகப் படியுங்கள். செய்திச் சுருக்கம் போதாது. விலக்குப் பட்டியலில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா, இருந்தால் எல்லா ஊழியர்களுக்குமா, குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டுமா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விலக்கு இல்லையென்றால் ஆணையில் அந்தப் பட்டியல் உள்ள பத்தியைச் சுட்டி, பயண அனுமதிச் சீட்டை நிறுவனமே தருமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே மேலாளரின் சுருதி இறங்கிவிடும்.

விலக்கு இருந்தால் பேரம்தான் வழி. 'வீட்டிலிருந்து வேலை வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஒரு வாரத்து வேலைகளைப் பட்டியலிட்டு, எவற்றுக்கு நேரில் வரவேண்டும் என்று பிரித்துக் காட்டுங்கள். கையெழுத்து, காசோலை போன்றவை வாரம் ஒரு நாளில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து வேலையை இரண்டு வாரம் சோதித்துப் பார்ப்பது, தினமும் மாலையில் முடித்த வேலைகளின் பட்டியல் என்று முன்மொழியுங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் சான்றிதழை இணையுங்கள்.

தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள். ஆனால் ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணமாக்கி வேலையைவிட்டு நீக்கலாம்.