ஆட்டிசம் குழந்தைக்கு வைட்டமின் குறைஞ்சா அறிகுறி கூடுமா? மாத்திரை குடுத்தா சரியாகுமா?

பிளட் ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு ராத்திரி தூங்காமத்தான் இதக் கேட்டிருப்பீங்க. நான் டாக்டர் இல்ல, ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்துல இருக்குற ஒரு அம்மா, அவ்வளவுதான். அதனால நீ என்ன படிச்சிருக்கனு யாரும் கீழ வந்து சண்டைக்கு நிக்க வேணாம்.

எங்க பையனுக்குப் பேச்சு இல்ல. அவன் திங்கிறது இட்லி, தயிர்சோறு, ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட். நகரை மீன் குழம்பு கொதிச்சா மூக்கப் பொத்திக்கிட்டு தெருவுக்கு ஓடிருவான். கடக்கரையில பொறந்துட்டு மீன் திங்காத புள்ளயானு மாமியார் கேக்காத நாளில்ல.

ரெண்டு மூணு வருசம் முன்னாடி திடீர்னு கையக் கடிக்க ஆரம்பிச்சான், ராத்திரி பூரா அழுகை, அப்புறம் நடக்கவே மாட்டேன்னுட்டான். தவளை மாதிரி கால மடக்கிப் படுத்துக்கிட்டு, டவுசர் மாத்தக் கால தொட்டா அலறுவான். காட்டுன இடத்துல எல்லாம் ஆட்டிசம் கூடிருச்சு, தெரபிய கூட்டுங்கன்னாங்க. சொந்தக்காரங்க ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போய் கயிறு கட்டச் சொன்னாங்க. மதுரையில ஒரு டாக்டரம்மாதான் வாயத் தொறந்து பாத்தாங்க. ஈறு கருநீலமா வீங்கி பல்லப் பாதி மூடியிருந்துச்சு, தொட்டதும் ரத்தம். முட்டிய எக்ஸ்ரே எடுத்துட்டு ஸ்கர்வின்னாங்க, வைட்டமின் சி இல்லாம வர்றது, எலும்பச் சுத்தி ரத்தம் கசிஞ்சு வலிக்குமாம். பேசத் தெரிஞ்ச புள்ளன்னா கால் வலிக்குதும்மானு சொல்லியிருக்கும், இவனுக்குக் கையக் கடிக்கத்தான் தெரிஞ்சுச்சு.

மாத்திரையப் பொடிச்சு சீனித்தண்ணில கரச்சு சிரிஞ்சுல கன்னத்தோரமா விட்டோம். சீக்கிரமே அழுகை அடங்குச்சு, அப்புறம் சுவத்தப் புடிச்சு நடந்தான், கடிக்கிறதும் நின்னுச்சு. ஆனா பேச்சு வரல, கைய உதறுறது, ஃபேனயே பாத்துக்கிட்டு நிக்கிறது எல்லாம் அப்படியேதான் இருக்கு. போனது வலி மட்டும்தான், எங்களுக்கு அதுவே பெரிசு.

வைட்டமின் டி-யும் அவனுக்கு 20-க்குக் கீழ, அதுவும் கம்மிதான். இவ்வளவு வெயிலடிக்கிற ஊர்லயானு கேப்பீங்க, கதவத் தொறந்தா ரோட்டுக்கு ஓடுற புள்ளய எந்த வெயில்ல விடுறது? இந்தப் புள்ளைங்ககிட்ட டி கம்மினு நிறைய ஆய்வு சொல்லுதாம், ஆனா கம்மியானதால அறிகுறி கூடுச்சா, இல்ல வெளிய போகாம ஒழுங்கா சாப்பிடாம கம்மியாச்சானு பிரிக்க முடியலன்னாங்க அந்த டாக்டரம்மா. டி குடுத்தா முன்னேற்றம்னு 2016-ல எகிப்துலேர்ந்து வந்த ஆய்வ 2019-ல அதப் போட்ட மருத்துவப் பத்திரிகையே வாபஸ் வாங்கிருச்சு, அதக் காட்டித்தான் ஒருத்தர் எனக்கு வாட்ஸப்புல பவுடர் விக்கப் பாத்தார். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்ட மெடிக்கல்ல வாங்கி நீங்களா குடுக்காதீங்க, கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிக்கு ஆகாது. டாக்டர்கிட்ட இரும்புச்சத்து, பி12 சேத்துப் பாக்கச் சொல்லுங்க, ஈறயும் பாக்கச் சொல்லுங்க.

மதுரை போற பாடு தனிக்கதை. 2022 டிசம்பர்ல பாம்பன் பாலத்துல ரயில நிறுத்துனவங்க 2025 ஏப்ரல்லதான் புதுப் பாலத்தத் தொறந்தாங்க, அதுவரைக்கும் ஹாரன் சத்தத்துக்குக் காதப் பொத்திக்கிட்டு அழுகுற புள்ளயோட பஸ்தான். தீவுக்காரங்க பட்டத எவன் கேட்டான்.

அப்புறம், ஆட்டிசம் கொறையும்னு பால், கோதுமைய நிறுத்துனீங்களானு கேக்க ஒரு கூட்டம் வரும். நிறுத்தல. தயிரையும் பிஸ்கட்டையும் புடுங்கிட்டா மிச்சம் வெறும் இட்லிதான், அத உங்க வீட்டுப் புள்ளைக்கு மூணு வேளையும் குடுத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.