புகையும் நீல ஒளியும் விழித்திரையும்: கேள்வி பதில்

பகலெல்லாம் வாகனப் புகை, இரவில் மொபைல். இரண்டும் சேர்ந்து விழித்திரையைக் கெடுக்குமா?

இரண்டும் வேறு வேறு வழியில் வந்தாலும் சேர்கிற இடம் ஒன்று: விழித்திரையின் பின்பக்கத்து நிறமிப் படலம். ஒளியை உணரும் செல்கள் தினமும் தங்கள் நுனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உதிர்க்கும். அதை விழுங்கிச் செரிப்பது இந்தப் படலத்தின் வேலை. செரிக்காமல் தங்கிவிடும் கழிவுக்கு லிப்போஃபுஸின் என்று பெயர்; வயது ஏற ஏற அதுவும் சேரும். அதிலுள்ள ஏ2இ என்ற பொருள் நீல ஒளியை உறிஞ்சி, ஆக்சிஜனைச் செல்லையே அரிக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது.

சரி, புகை எங்கே வருகிறது? நுண்துகள்களை மூச்சில் இழுத்தால் நுரையீரலோடு நிற்பதில்லை. அழற்சி இரத்தம் வழியே உடலெங்கும் பரவும். விழித்திரைக்குப் பின்னால் இரத்த ஓட்டம் மிக அதிகம் என்பதால் அங்கேயும் போய்ச் சேரும். ஒளியின் சேதத்தைச் சமாளிக்க வைத்திருந்த தற்காப்பு இதிலேயே செலவாகிவிடும். ஆய்வகச் செல்களிலும் விலங்குகளிலும் பார்த்ததை வைத்துச் சொல்லும் விளக்கம் இது.

மனிதர்களிடம் ஆதாரம் உண்டா?

புகைக்கு உண்டு. பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத்தளத்தில் உள்ள ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. பிஎம் 2.5 என்னும் மிக நுண்ணிய காற்றுத் துகள்கள் கூடுதலான இடங்களில் வசிப்போரிடம் வயது சார்ந்த மாகுலா சிதைவு சற்று அதிகம். மாகுலா என்பது கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை.

அப்படியென்றால் மொபைல்?

அதன் மேல் பழி கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. பகல் வானத்திலிருந்து கண்ணுக்குள் வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையின் ஒளி மிகச் சொற்பம். தூக்கத்தைக் கெடுக்கும், அது உண்மை. கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இமைக்க மறப்பது.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

விழித்திரையைக் காக்க என்றால் வேண்டாம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளை வைத்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், கண் களைப்புக்குக்கூடக் குறுகிய காலத்தில் பலன் தெரியவில்லை.

நான் சிகரெட் பிடிப்பவன். லூட்டீன் மாத்திரை போதுமா?

போதாது; அது விழித்திரையில் இருக்கும் மஞ்சள் நிறமிதான். மாகுலா சிதைவுக்கு நாமே மாற்றக்கூடிய காரணங்களில் முதலிடம் சிகரெட்டுக்குத்தான். அதிலுள்ள காட்மியம் விழித்திரைத் திசுக்களில் சேர்கிறது. பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். புகைப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டும். 2013இல் முடிவு வெளியான ஏரெட்ஸ் 2 ஆய்வு அதற்குப் பதில் 10 மி.கி. லூட்டீன், அதே வகை நிறமியான ஸியாக்ஸாந்தின் 2 மி.கி. என்று பரிந்துரைத்தது. அதுவும் மாகுலா சிதைவு ஓரளவு முற்றியவர்களுக்கு மட்டும்.

வெல்டிங் வேலை செய்கிறேன். எனக்கு?

இங்கே கேட்டவர்களில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியவர் நீங்கள்தான். வெல்டிங் சுடரின் நீல ஒளி, பாதுகாப்பில்லாமல் பார்த்தால் மாகுலாவையே சுடும். கூடவே உலோகப் புகை வேறு. சரியான நிழல் எண் (கண்ணாடி எவ்வளவு கருமை என்பதன் அளவு) கொண்ட முகக்கவசம், புகையை வெளியே இழுக்கும் விசிறி, இரண்டும் வேண்டும். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் கவசம் கொடுங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் கறை தெரிந்தாலோ, தள்ளிப் போடாமல் விழித்திரை மருத்துவரிடம் போய்விடுங்கள்.