மலையேறும் வீட்டுவண்டி: கம்பம் எல்லையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கம்பத்திலிருந்து குமுளிக்கும் மூணாறுக்கும் பல ஆண்டுகள் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். இப்போது பழைய டிராவலர் வேன் ஒன்றைப் படுக்கை, அடுப்பு, கழிவறையுடன் வீடாக மாற்றி, என் தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் விடுமுறை தோறும் மலையேறி வருகிறேன். தேனி மாவட்டத்து நண்பர்கள் கேரவன் பயணம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, என் அனுபவத்தில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சின்னமனூர், ஆசிரியை): ஐயா, முதன்முறையாக வாடகைக் கேரவன் எடுத்து மே விடுமுறையில் கேரளத்துக்குப் போகிறோம். வயதான மாமியாரும் உடன் வருகிறார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்றில் எந்த வழி நல்லது?

பதில்: முதல் பயணம் என்றால் குமுளி வழியே செல்லுங்கள். மூன்றிலும் மலைப்பகுதி மிகக் குறைவாக இருப்பது அதில்தான். லோயர் கேம்ப்பைக் கடந்து, மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்த சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். வழியில் வண்டி நின்றுபோனாலும் உதவிக்கு ஆள் கிடைக்கும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சாலை நன்றாக இருந்தாலும் ஏற்றம் நீளமானது. காரில் அது தெரியாது, பாரம் ஏற்றிய வண்டியில் நன்றாகத் தெரியும். கம்பம்மெட்டு வழியை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் குமுளியில் காலை பத்து மணிக்கு மேல் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும் என்பதால், விடியும் நேரத்தில் கூடலூரைக் கடந்துவிடுவது நல்லது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எங்கள் ஓட்டுநர்களிடையே பாலபாடம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்து கருகல் வாடை அடித்தால், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடேறிய இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவரின் கடமை என்பதையும் ஓட்டுநருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி (கூடலூர், விவசாயி): அண்ணே, பழைய வேன் ஒன்றைப் பட்டறையில் கொடுத்து மாற்றப் போகிறேன். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்கிறார்கள். எங்கே வைப்பது?

பதில்: எங்கே வைப்பது என்று கேட்டீர்களே, அதுவே நல்ல தொடக்கம், நான் அதைக் கேட்காமல் விட்டவன். என் வண்டியைக் கட்டிய பட்டறையில், இடம் காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தொட்டியைப் பின்சக்கரத்துக்கும் பின்னால், கழிவறைக்குக் கீழே பொருத்திக் கொடுத்தார்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அத்தனை எடை பின்னச்சுக்கு அப்பால் தொங்கும்போது, ஏற்றத்தில் அது நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்த பிறகும் வண்டியின் மூக்கு திரும்பாமல் ஒரு முழம் நேராகப் போனது. இடப்புறம் பள்ளமில்லாத வளைவாக இருந்ததால் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், இயன்றவரை தாழ்வாக வையுங்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாக மோதுவது வளைவில் வண்டியைத் தள்ளும். ஐந்து பேருக்கு 100 லிட்டரே போதும் என்பது என் கருத்து. மலையில் தண்ணீருக்கா பஞ்சம்? கீழிருந்து சுமந்துகொண்டு ஏறுவதை விட, தங்கும் இடத்தில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும், எல்லாச் சாமான்களையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டும், முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டும் வாங்கினால், இரண்டையும் கழித்துப் பின்னச்சின் பாரம் தெரிந்துவிடும். மொத்த எடை, ஆர்.சி. புத்தகத்தில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள வரம்பைத் தாண்டியிருந்தால் கட்டிலையோ அலமாரியையோ கழற்றத்தான் வேண்டும். ஒட்டுப்பலகைக்குப் பெயர்தான் லேசான மரம். வண்டி முழுக்க அடித்தால் அதுவே பெரிய பாரம்.

கேள்வி (அதே விவசாயி): இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா? நண்பருக்கு வாடகைக்கும் விடலாமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே ஆணி அடிப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்துடன் பேசுங்கள்; கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது, அதை அறிந்த பட்டறையாகப் பாருங்கள். முடிந்ததும் மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வெள்ளைப் பலகை வண்டியை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்ததை, வாடகைக்கு விடாதீர்கள்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போகும்.

கேள்வி (போடிநாயக்கனூர், ஐ.டி. ஊழியர்): இரவு முழுவதும் ஏ.சி. ஓட வேண்டும் என்று வீட்டில் நிபந்தனை. எத்தனை பேட்டரி வேண்டும்?

பதில்: கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், முடிவை வீட்டார் எடுக்கட்டும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் அடங்குவது, இரண்டையும் பெருக்கினால், 2,560 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் இழப்பையும், பேட்டரி முழுதும் தீர்ந்துவிடாமல் அடியில் விட்டுவைக்க வேண்டியதையும் கழித்தால் ஏறத்தாழ 2,000 வாட்-ஹவர் கையில் நிற்கும். ஒரு டன் ஏ.சி. தொடர்ந்து ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. அதே பேட்டரியில், 20 வாட் டி.சி. விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 320 வாட்-ஹவர் மட்டுமே ஆகும், சிறிய டி.சி. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 600 வரை எடுக்கும். விளக்கு, கைப்பேசிகளுக்கு இன்னும் 100 வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஏ.சி. இல்லாவிட்டால் ஒரு பகலும் இரவும் கழிந்த பின்பும் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

மேலும், ஏ.சி. தேவைப்படுவது போடியில்தான்; மூணாறில் போர்வைதான் தேவைப்படும். சமவெளியில் தங்கும் இரவுகளில் தங்குமிடத்து மின்சாரத்தை வாங்கி ஓட்டுங்கள். அதற்கு நிலக்கம்பியுடன் (எர்த்) கூடிய மூன்று கம்பி வயர், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில், 16 ஆம்பியர் பிளக்குடன் இருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு வயரை இழுத்து ஏ.சி.யில் சொருகியவர்களைப் பார்த்திருக்கிறேன்; வயரைத் தொட்டால் இட்லிப் பானை போலச் சுட்டது.

கேள்வி (உத்தமபாளையம், இல்லத்தரசி): வண்டிக்குள் கேஸ் அடுப்பு வைப்பது ஆபத்தா? குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கலாமா?

பதில்: அம்மா, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இங்கே இரண்டு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது கசிவு. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல், கொட்டிய எண்ணெய் போலத் தரையில் படியும். ஆகவே மேல் ஜன்னல் திறந்திருப்பது போதாது. சிலிண்டரைக் குடும்பம் இருக்கும் அறைக்குள் வைக்காமல், வெளிப்புறமாகத் திறக்கும் தனிப் பெட்டியில் நிமிர்த்திக் கட்டி, அந்தப் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே போகும் துளை விட வேண்டும். வீட்டுச் சிலிண்டர் வேண்டாம். 5 கிலோ சிலிண்டரே ஒரு வாரப் பயணத்துக்குத் தாராளம். ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். வீட்டில் ஐந்தாண்டு உழைக்கும் ரப்பர் குழாய், நாள் முழுக்க அதிரும் வண்டியில் அவ்வளவு தாங்காது. நான் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன்.

இரண்டாவது ஆபத்துக்கு வாடையே கிடையாது. அடைத்த இடத்தில் எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அது தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த இந்த வாயுதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. எனவே ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்காதீர்கள். குளிருக்காகக் கரிக்கணப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். சமைக்கும்போது எவ்வளவு குளிர்ந்தாலும் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் செலவழிப்பதில் அது ஒரு சிறு பங்குதான்.

கேள்வி (கம்பம், கடைக்காரர்): காட்டோரம் நிறுத்தித் தங்கினால்தானே அழகு? தேக்கடிப் பக்கம் அப்படி இடம் இருக்கிறதா?

பதில்: நம் ஊர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் யானை நம் கம்பம் தெருக்களில் நடந்தபோது 144 தடையுத்தரவு போட்டு நாம் வீட்டுக்குள் இருந்தோமே! சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய யானை அது. சுவர் வைத்த கடைக்கே அந்த நிலை என்றால், தகர வண்டிக்குள் அரிசி மூட்டையும் பலாப்பழமும் வைத்துக்கொண்டு காட்டோரம் படுப்பது எப்படி? போடிமெட்டு தாண்டிச் சின்னக்கானல், ஆனையிறங்கல் வட்டாரத்தில் இருட்டிய பின் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

வனத்துறை நிலத்தில் அனுமதியின்றித் தங்குவது குற்றமும் ஆகும். குமுளி, வண்டன்மேடு பக்கங்களில் வீட்டுத் தங்கல் நடத்துகிறவர்களிடம் முற்றத்தில் வண்டி நிறுத்தி, அவர்களுடைய கழிவறையையும் மின்சாரத்தையும் பயன்படுத்திக்கொள்ள வாடகை பேசுங்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு முதல் கேரவன் பூங்கா வாகமண்ணில் வந்தது. குமுளியிலிருந்து ஒரு காலைப் பயணம்தான். தொலைபேசியில் பேசும்போது "இடம் இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், வாயில் எவ்வளவு அகலம், உள்ளே இறக்கமா சமதளமா, மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது என்றும் கேளுங்கள். கூரையில் ஏ.சி. பெட்டி வைத்த வண்டியின் உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். ஏலத்தோட்டப் பாதைகளில் கிளைகள் தாழ்ந்திருக்கும்.

கீழே நம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் நிறுத்த அனுமதி கிடைத்தால், மருந்து அடிக்கும் நாளா என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் தாயார் காயப்போட்ட சேலை ஒருமுறை நீலப்புள்ளிகளுடன் திரும்பி வந்தது.

கேள்வி (தேவாரம், மாணவர்): கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

பதில்: தங்கும் வீட்டின் கழிவறையில், அனுமதி கேட்டு, கட்டணம் கேட்டால் கொடுத்து. ஓடையில் கொட்டுகிறவர்களும் உண்டு. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடிக்கிறோம்.

கேள்வி (ஆண்டிபட்டி, தந்தை): வண்டி ஓடும்போது பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: கூடாது. கட்டில் நின்ற வண்டிக்கு உரியது. ஓடும்போது எல்லோரும் சாலையைப் பார்த்த இருக்கைகளில் பெல்ட்டுடன் இருக்க வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தை பாதுகாப்பாகக் கட்டப்படாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு. மேலடுக்கு அலமாரியில் குக்கர், அம்மிக்கல் வைப்பதும் இதே வகைத் தவறுதான். ஆமாம், அம்மிக்கல்லோடு வந்த குடும்பத்தை நான் ஏற்றியிருக்கிறேன்.

கேள்வி (கம்பம், வங்கி ஊழியர்): எந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடுக்கி மலைகளில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் நம் பக்கத்துச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை. மழைமறைவில் இருக்கும் நமக்கு ஜூலையில் வெயில் அடிக்கும். அதைப் பார்த்து மேலேயும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. மூணாறு அருகே பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்பை நிலச்சரிவு மூடியது 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவில். சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இரவுப் பயணத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை போடுவதும் உண்டு. மழையில் மாட்டிக்கொண்டால், மண் வெட்டிச் சாலை போட்ட சரிவின் கீழும் ஓடையின் பக்கத்திலும் நிறுத்தாதீர்கள். தெளிந்து வந்த ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால் அப்போதே வண்டியை எடுத்துவிடுங்கள்.

கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளுக்காகக் கம்பம்மெட்டு வழியே ஏறி, குமுளி வழியே இறங்கும்படி ஒருவழிப் பாதை அமல்படுத்துவது வழக்கம். அந்நாட்களில் புறப்படுமுன் கம்பத்தில் போக்குவரத்துக் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கூடலூர், பாட்டி ஒருவருக்காகப் பேரன்): டீசலை எங்கே நிரப்புவது? வளைவுகளில் பாட்டிக்கு வாந்தி வருகிறதே?

பதில்: டீசல் கேரளத்தை விட நம் பக்கம்தான் விலை குறைவு, கூடலூரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். பாட்டியை ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையில் அமர்த்துங்கள். புறப்படும் முன் வயிறு நிறைய இட்லி கொடுக்காமல், ஒன்றிரண்டோடு நிறுத்தி, மீதியைக் குமுளி போய்ச் சேர்ந்ததும் கொடுங்கள்.