எக்கோவில் 35: அப்பாவின் இதயம் தாங்குமா?

காசிமேட்டு வாசகியே, மாரடைப்புக்குப் பின் தந்தைக்கு எடுத்த எக்கோ எனும் இதய ஸ்கேனில் இ.எஃப். 35 என்று வந்ததால் இதயம் எந்நேரமும் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த 35 அன்று, கடிதத்தின் கடைசி வரி: ஒரு தலையணையில் உறங்கியவர் இந்த வாரம் மூன்று வைத்தும் நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார். நுரையீரலில் நீர் கோக்கும்போது இப்படித்தான் ஆகும். இன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்தும் மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.

இ.எஃப். 35 என்பது, இதயத்தில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 35 விழுக்காடு வெளியேறுகிறது என்பதே. நலமான இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும். ஆனால் இந்த எண் இதயத் தசையின் வலுவை மட்டும் காட்டுவதில்லை, எதிரே இரத்தக்குழாய்கள் தரும் சுமையையும் சேர்த்தே காட்டுகிறது. மீன்பாடி வண்டியைச் சமதரையில் எளிதாக மிதிப்பவரே பாலத்தில் ஏறும்போது இறங்கித் தள்ளுகிறார். கால் அதே கால்தான். குழாய்கள் விறைத்து அழுத்தம் ஏறினால் தளர்ந்த இதயம் மேலும் தளரும். குழாய்கள் தளர்ந்து கொடுத்தால் அதே தசை கூடுதலாக இரத்தத்தைத் தள்ளும்.

குழாய்களைத் தளர்த்தும் எனலாப்ரில் மாத்திரை அவருக்குத் தரப்பட்டது இதற்காகத்தான். 1987-இல் வெளியான கான்சென்சஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உடையவர்களிடையே ஆறு மாதத்தில் 44 விழுக்காடாக இருந்த இறப்பு, இம்மருந்து பெற்றவர்களிடம் 26 விழுக்காடாகக் குறைந்தது. அத்தகைய மாத்திரையை, பிரஷரின் மேல் எண் 100 என்று காட்டியதற்காக, யாரோ யூடியூபில் பேசியதை நம்பி நிறுத்தியிருக்கிறீர்கள். தலைசுற்றல், மயக்கம் இல்லாதவரை அவருக்கு அந்த 100 ஒரு குறையே அன்று. போதாததற்கு, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் கொடுத்திருக்கிறீர்கள். அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, சுமையை மீண்டும் ஏற்றிவிடும். அதை இப்போதே நிறுத்துங்கள். எனலாப்ரிலை நீங்களாக மீண்டும் தொடங்கவும் வேண்டாம். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து மருத்துவரே அளவு சொல்லட்டும்.

கருவாட்டையும் அடியோடு விலக்குங்கள், அதிலுள்ள உப்பு அவருக்கு ஆகாது.

வீடு திரும்பிய பின், நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்ததும், உண்பதற்கு முன், எடையைக் குறித்து வையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின்மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். அங்கே பள்ளம் நின்றாலோ, மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, மறுபடி தலையணை கேட்டாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள்.