பஸ்ஸில் வந்தால் மொழி சாகுமா?

கேள்வி: சிட்னிப் பகுதிப் பழங்குடியினரின் மொழி அழிந்துபோய், சில குறிப்பேடுகள்தான் மிஞ்சியிருக்கின்றனவாமே? ஆங்கிலக் கலப்புதான் காரணமா?

பதில்: கலப்பு! இந்தச் சொல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வரும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ‘பஸ்ஸில் வந்தான்’ என்று அச்சிட்டதற்காகச் சண்டை போட்டு வந்த கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

1788இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். மறு ஆண்டே பெரியம்மை. சுற்றுவட்டார மக்களில் பாதிப்பேர் செத்துப்போய்விட்டார்கள் என்று ஆளுநர் பிலிப்பே எழுதினார். மிஞ்சியவர்களிடமிருந்து நிலமும் மீன்பிடித் துறையும் பறிபோயின. பேசுகிறவர்களையே வாழவிடாத இடத்தில் கலப்பின் மேல் ஏன் பழி?

அந்தக் குறிப்பேடுகளைத் திறந்தால் கதை நேர்மாறாக இருக்கிறது. 1790-91இல் வில்லியம் டாஸ் என்ற இளம் படை அதிகாரி, பாட்யெகராங் என்ற பதின்வயதுப் பெண்ணிடம் மொழி கற்றார். வெறும் சொற்பட்டியல் போடவில்லை, அவள் பேசிய வாக்கியங்களை அப்படியே எழுதினார். உங்கள் மக்களுக்கு ஏன் பயம் என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் ஒரே சொல்: ‘கனின்’. ‘கன்’ ஆங்கிலேயரின் துப்பாக்கி, ‘இன்’ அவள் மொழியின் உருபு. துப்பாக்கியால்! வந்து மூன்றே வருடமான ஆங்கிலச் சொல் அவள் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. ‘பஸ்ஸில்’ என்று நாம் செய்வதும் இதேதான். அயல்சொல்லுக்குத் தன் உருபைப் பூட்டத் தெரிந்த மொழி திடமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொழியிடம் குறையே இல்லை, துப்பாக்கி எதிரே நின்றது.

டாஸ் பழங்குடியினர்மீது அனுப்பப்பட்ட தண்டனைப் படையில் முதலில் சேர மறுத்தார். அப்புறம் போனதற்கும் வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். அங்கேயே தங்க விரும்பியும் 1791 டிசம்பரில் கப்பலேற வேண்டியதாயிற்று. குறிப்பேடுகள் லண்டன் நூலகம் ஒன்றில் கிடந்து, 1972இல்தான் கவனத்துக்கு வந்தன. இன்று அந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவற்றைக் கொண்டு மொழியை மீட்டுப் படிக்கிறார்கள்.

நம் பத்திரிகைகள் சலிக்காமல் எழுதும் ‘பூமராங்’ அந்தப் பக்கத்துச் சொல்தான். டிங்கோ என்ற அந்த ஊர்க் காட்டுநாயின் பெயரும் அப்படியே. எனக்குப் பிடித்தது ‘புட்டுவா’ என்ற வினை. நெருப்பில் தன் கையைச் சூடேற்றிக்கொண்டு, அந்தச் சூட்டோடு இன்னொருவர் விரல்களை மெல்ல அழுத்துவது என்று பொருள் எழுதியிருக்கிறார் டாஸ். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.