கல்யாணச் சாவுக்கு அழக் கூடாதா?

கேள்வி: அம்மா 86 வயதில் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. 'கல்யாணச் சாவுதானே, இன்னும் என்ன அழுகை?' என்கிறார்கள். டாக்டரிடம் போகலாம் என்கிறார் கணவர். படுக்கையில் கிடந்த அம்மாவை மூன்று வருடம் பார்த்துக்கொண்ட என் அக்காவோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்த மறுநாளே பீரோவைத் திறந்து சேலைகளைப் பங்கு பிரித்தாள். இப்படியும் ஒரு மகளா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொட்டுமேளம் வைத்து, பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்புவது போனவருக்குச் செய்யும் மரியாதை. மகள் அழக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது? அம்மா இருக்கும்வரை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்க ஒரு வீடு இருந்தது. இனி இல்லை. ஊர்ப்புறத்து ஒப்பாரிகளைக் கேட்டுப் பாருங்கள், தாய்க்காக மகள் பாடும்போது, 'இனி இந்த வாசலில் என்னை வா என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?' என்ற ஆற்றாமை வராமல் போகாது.

கணவரிடம் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே ஆறு மாதம் தாண்டாத துக்கத்தை நோயாக எடுப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-ல் வைத்த கணக்கு, பெரியவர்களுக்கு 12 மாதம். ஆனால் சாப்பாடு, தூக்கம் போய்விட்டது, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே போங்கள்.

சரி, அக்கா விஷயம். கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். படுத்த படுக்கையானவரைப் புண் வராமல் ராத்திரியிலும் எழுந்து புரட்டிப் போட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், வாயைத் திறக்காதவருக்குக் கஞ்சி புகட்ட வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்ட மகள், அம்மாவைத் தினம் கொஞ்சமாகத் தொலைத்துக்கொண்டே இருந்திருப்பாள். கடைசியில் 'அப்பாடா, போய்ச் சேர்ந்தாளே' என்று ஒரு நிம்மதி வரும். ஐயோ, இப்படி நினைத்துவிட்டோமே என்று கூடவே ஒரு குறுகுறுப்பும் வரும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய கண்ணீர் காரிய வீட்டில், பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வந்துவிடுமா? வருடம் கழித்து, மருந்துக்கடை வாசலில்கூட வரலாம்.

அம்மாவின் மிச்ச மாத்திரைகள், பிரிக்காத டயப்பர் பாக்கெட், கறை படிந்த மெத்தை, இதையெல்லாம் அப்புறப்படுத்தியது யார்? உங்கள் கண்ணில் சேலை மட்டும்தான் பட்டிருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் நீங்கள் எத்தனை ராத்திரி அங்கே தங்கினீர்கள் என்று எழுதவில்லை. பங்கில் வந்த சேலையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தீர்களா, அதையும் எழுதவில்லை.